ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நிற்காத மருந்து

மேடையில் இருக்கும் பெரியவர்களே, எங்கள் சாருடைய வீட்டம்மாவே, ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள். சாரிடம் வேலை பார்த்த பெண்ணின் பாட்டி. "நீங்களும் நாலு வார்த்தை பேசணும்மா" என்று சாரின் மனைவி கேட்டதால் சாருக்கான இந்த இரங்கல் கூட்டத்தில் நிற்கிறேன்.

நம் ஆய்வுக்கூடத் தலைவரை, கதிர்வீச்சு மருந்து செய்வதில் கைதேர்ந்த அந்த மனிதரை, பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? பாதி சார்! எதற்கெடுத்தாலும் "சீக்கிரம், பாதி போயிடும்" என்பாராம். அவருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வார்.

பேத்தி ஆர்செனிக்கில் வேலை செய்கிறாள் என்று ஒரு நாள் தெரியவந்தது. பாஷாணம் அல்லவா? வேலையை விடு என்று ஒற்றைக்காலில் நின்றேன். சாரே வீட்டுக்கு வந்துவிட்டார்!

"அம்மா, இது மண்ணுல கிடைக்கிறது இல்ல. ஆர்செனிக் எழுபத்திரண்டு, மெஷின்ல நாங்களே உண்டாக்குறது. உங்க பேத்திக்கும் அதுக்கும் நடுவுல ஈயச் சுவர் இருக்கு. ஊசியில போறது துளியிலயும் துளி. தலைக்குள்ள கட்டி எங்க ஒளிஞ்சிருக்குன்னு காமிராவுக்குக் காட்டிக் கொடுக்கும். ஒரு நாளும் ரெண்டு மணி நேரமும் போனா பாதிதான் மிஞ்சும். அப்புறம் அதுலயும் பாதி. போனதெல்லாம் ஜெர்மேனியமா மாறி சாதுவா அடங்கிடும்."

"அப்போ ஃப்ரிட்ஜுல வச்சுக்க வேண்டியதுதானே?"

"ஃப்ரிட்ஜுல வைங்க, அடுப்புல வைங்க, அதே வேகம்தான். யார் பேச்சையும் கேக்காது. உங்க பேத்தி மாதிரி!"

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பயமெல்லாம் போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட மனிதரை எடுத்துச் சென்ற அன்று என் பேத்தி வரவில்லை. உண்மைதான். "கூடவே இருந்தவ, கடைசி முகத்தைக்கூடப் பார்க்க வரலையே" என்று இங்கேயே என் காதில் விழுந்தது. அவள் எங்கே இருந்தாள்? மெஷினிலிருந்து இறங்கிய மருந்தோடு ஈயச் சுவருக்கு முன்னால் இருந்தாள். மருத்துவமனையில் ஒரு தாய் அதற்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள். என் பேத்தி அழுதுகொண்டே சாரின் வீட்டம்மாவுக்கு, இந்த அம்மாவுக்குத்தான் போன் போட்டாள்: "அக்கா, வரட்டுமா?"

இந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"நீ வந்து என்னடி பண்ணப்போற? மருந்தை அனுப்பு. உங்க சாரை நான் பார்த்துக்கறேன்."

மருந்து போனது. காமிரா காட்டிய இடத்திலேயே கட்டி இருந்தது. எடுத்தாகிவிட்டது. அந்தத் தாய் இப்போது எழுந்து உட்கார்ந்து வீட்டாரை அதட்டுகிறாளாம்! இதைவிட அவருக்கு என்ன மாலை வேண்டும், சொல்லுங்கள்?

அவர் வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எனக்கு அந்த வேலை தெரியாது. அதைச் செய்கிறவளைத் தடுக்க மாட்டேன், யாரையும் குறைசொல்லவும் விடமாட்டேன். இதுதான் என் உறுதி.

இன்றும் மெஷினில் மருந்து இறங்குகிறது. அதோ, கடைசி வரிசையில் அவள் தயங்கித் தயங்கி எழுந்திருக்கிறாள். கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். போகட்டும்.