ரிஷியின் தொடையில் இருந்த தகடு

உப்பளத்துச் சேறு காலில் ஒட்டினால் லேசில் போகாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. பத்து ரூபாய் டிடர்ஜென்ட் பொட்டலம் போதும். சொல்கிறவர்கள் யாரும் தேய்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பெயர் ஆரோக்கிய பிரபு. ஊர் மரக்காணம். எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டல் மெஸ் சுவரில் வாரம் ஒரு கேலிப் பத்திரிகை எழுதி ஒட்டுவேன். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ரிக் வேதத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தட்சணாமூர்த்தி சார் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினார். வாய்வழியாக வந்த நூல் என்பதால் ஓலையைச் சோதித்துப் பயனில்லை. முதலில் மொழியைப் பார்க்க வேண்டும்: பழைய ஈரானிய மொழிக்கு அது எவ்வளவு நெருக்கம், துருக்கியில் கிடைத்த மூவாயிரத்து நானூறு ஆண்டுக் களிமண் பலகையில் இந்திரனும் வருணனும் ஏன் சாட்சிக் கையெழுத்துப் போல நிற்கிறார்கள். பிறகு மண்ணைப் பார்க்க வேண்டும்: பாட்டில் குதிரை உண்டு, ஆரக்கால் தேர் உண்டு, இரும்பு என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. கறுப்பு உலோகம் பிந்திய நூல்களில்தான் வருகிறது. இரண்டும் ஒத்துப்போகிற இடம், சுமார் கி.மு. ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை. ‘சுமார்’ என்று சார் ஒரு வகுப்பில் முப்பது தடவை சொல்வார்.

அதே கல்லூரி மேடையில் ஜெயப்பிரகாஷ் பேசினார். கட்டட கான்ட்ராக்டர். வேதகால ஆய்வு அறக்கட்டளை ஒன்று வைத்திருக்கிறார். வேதத்துக்குப் பன்னிரண்டாயிரம் வயது, அது பாடப்பட்டது இந்த மரக்காணம் கரையில் என்றார். ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. முன்வரிசைப் பேராசிரியர்கள் கைதட்டினார்கள். கையில் கொடுத்த கேசரி நெய் வழிந்து தட்டில் உறைந்து கிடந்ததைப் பார்த்தபடி முடிவு செய்தேன். இவர்களுக்கு ஒரு ரிஷியைக் கொடுப்போம். கும்பிடட்டும். பிறகு அதே மேடையில் ஏறி உண்மையைச் சொல்வோம்.

ரிஷிக்கு அடையாளம் வேண்டும். இரும்பு அறியாத காலத்து ரிஷியின் உடம்பில் எஃகு இருந்தால் குழந்தைக்கும் புரியும். எங்கள் எதிர்வீட்டு அமிர்தராஜ் மாமாவுக்கு உப்பு லாரியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததில் தொடையில் எஃகுத் தகடு வைத்திருந்தார்கள். அவர் இறந்து எட்டு வருஷம்.

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பு ஓரம். ஞாயிறு இரண்டாம் பூசையின்போது பங்குச் சனம் முழுக்கக் கோயிலுக்குள் இருக்கும். சாமியாரின் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்கும், எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்கு வைக்கலாம். மூன்று ஞாயிறு பிடித்தது. ஒவ்வொரு முறையும் மணலை நிரவி, சிலுவையைப் பழைய இடத்தில் நட்டேன். நான் ஒழுங்கானவன்.

தகட்டில் கம்பெனியின் எண் பொறித்திருந்தது. அதை அரத்தால் ராவி எடுத்தேன். யாராவது முந்திக்கொண்டு படித்துவிட்டால் என் பேச்சுக்கு என்ன மிச்சம்?

தை மாதம் உப்புப் பாத்தியைத் தயார் செய்வார்கள். சேற்றைக் காலால் மிதித்து இறுக்கி, காயவிட்டு, மேலே மணல் தூவி மறுபடி மிதிப்பார்கள். மூன்று முறை. அந்த வேலைக்கு முந்தின நாள் மாமாவைப் பாத்தியில் வைத்தேன். மறுநாள் உப்பள மேஸ்திரி கலியன் அண்ணனும் ஆட்களும் மேலே மிதித்தார்கள். பங்குனியில், பாத்தியில் எலும்பு தெரிகிறது என்று அறக்கட்டளைக்கு நானே போன் செய்தேன்.

வெட்டிய குழியில் மூன்று அடுக்கு தெரிந்தது. அடுக்குக்கு நாலாயிரம் வருஷம் என்று ஜெயப்பிரகாஷ் பெருக்கினார்.

கலியன் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்தபடி சொன்னார்: “ஐயா, அது தையில நாங்க மிதிச்சதுங்க.”

“நீங்க இல்லப்பா. உங்க முன்னோருங்க.”

“எங்கப்பன் கொத்தனாருங்க. சேத்துல காலே வெக்க மாட்டாரு.”

யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எலும்பை லேபுக்கு அனுப்பச் சொல்லித் தட்சணாமூர்த்தி சார் கடிதம் எழுதினார். ரிஷியை அறுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. தகடு? அதைப் பார்த்ததும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எஃகு அறுவை சிகிச்சை என்று போஸ்டர் அடித்தார்கள். ஈ.சி.ஆர். சாலை ஓரம் கொட்டகை போட்டு, கண்ணாடிப் பெட்டியில் மாமாவை வைத்து, மல்லிகை மாலை போட்டார்கள். வெயிலில் மாலை அழுகி, கண்ணாடிக்குள் பழுப்பு நீர் வடிந்தது. ஜனங்கள் அதை விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அருவருப்பு என்றால் என்னவென்று அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். அவர்களைச் சொல்கிறேன்.

இன்னாசியம்மாள் அத்தை மாமாவின் மனைவி. பிள்ளைகள் கிடையாது. இருபது வருஷம் உப்புக் கூடை சுமந்தவர். வைகாசியில் படுத்துவிட்டார், இரண்டு கிட்னியும் போய்விட்டது. எங்கள் பங்கில் புருஷன் குழியைத் திறந்து, எலும்பைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்து, அதே குழியில் பெண்சாதியை அடக்குவது வழக்கம். அத்தைக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். துணியைக்கூடத் துவைத்து மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

ஒருநாள் பேப்பரில் வந்த படத்தைக் காட்டினார். “பிரபு, மாமாவுக்கும் இப்டித்தான் ஒண்ணு வெச்சாங்க. மழை வந்தா நொண்டுவாரு. ஞாபகம் இருக்குதா?”

“நிறைய பேருக்கு இருக்கும் அத்தை.”

“ரிஷிக்குமா?” சிரித்து, இருமினார். “அவரு அங்கதானே இருக்காரு? என்னய அவரு கூடவே வெச்சிடுவாங்கல்ல?”

“அங்கதான் இருக்காரு அத்தை.”

“நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரி.”

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். ஆனால் எலும்பை முதலில் கண்டவன் என்று என்னையும் பேச அழைத்திருந்த அறக்கட்டளை மாநாடு இருபத்தொன்றாம் தேதி. ஆயிரம் பேர் வருவதாக இருந்தது. இரண்டு வாரம்தானே, தாங்குவார் என்று கணக்குப் போட்டேன். பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டார்.

குழி வெட்டிய டோமினிக் அண்ணன் ஐந்தடி போனதும் நிறுத்தினார். “சாமி, மணலாத்தான் இருக்குது. ஆளக் காணோம்.” இன்னும் ஓரடி வெட்டினார்கள். சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடினார். துவைத்து மடித்த துணியை யார் கையில் கொடுப்பதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார்கள். அத்தையைத் தனியாக இறக்கினோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி திட்டமிட்டபடி மேடையேறினேன். ஸ்லைடுகள் நன்றாக வந்திருந்தன. ஜெயப்பிரகாஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தத் தகட்டுல நம்பர் இருக்கணுமே தம்பி, எங்க?” என்றார். ரிஷியை அவமதித்தவன் என்று என்னை வெளியே தள்ளினார்கள். பெட்டி அங்கேதான் இருக்கிறது. சாமியார் போய்க் கேட்டார், தரவில்லை. ரத்த சம்பந்தம் என்று சோதித்துப் பார்க்கவும் மாமாவுக்கு ஆள் இல்லை.

ஆக, எலும்பை எடுத்தது நான். எண்ணை ராவியது நான். இருக்கிறார் என்று சொன்னதும் நான். ஜனங்கள் ஆதாரம் கேட்காமல் எதையும் நம்புவார்கள் என்று நிரூபிக்கத்தான் செய்தேன், நிரூபித்தும் விட்டேன். கொட்டகைக்கு வந்தவர்கள் நாலாயிரம் பேர். அத்தையும் கடைசிவரை ஆதாரம் கேட்கவில்லை. அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.