சாமைக்காட்டில் ஒரு நிமிடம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு காதும் அழுகிப்போகட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சொம்புக் கூழ் குடித்தால்தான் எனக்கு வேலை ஓடும். அன்றும் குடித்தேன்.

சினிமாவுக்கு ஒலி தொகுப்பவன் நான். நாற்பது வருடம், மூன்று விருது. எங்கே படம் எடுத்தாலும் அந்த இடத்தின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்வோம். வசனத்துக்கு அடியில் அதை விரித்தால்தான் காட்சி நிற்கும். கடற்கரை அமைதி மலைக்கு ஒட்டாது.

ஜவ்வாது மலையில் கடைசிக் காட்சி. நாயகன் சாகிறான், பிறகு ஒரு நிமிடம் மலையே வாய் திறக்காது. என் நாலாவது விருது அந்த நிமிடத்துக்குள் இருந்தது.

சேவல் கூவியது. குழம்பு வைத்தோம். நாய் குரைத்தது. எலும்பைப் பலாப்பிசினில் புரட்டிப் போட்டேன். வாய் ஒட்டிக்கொண்டதால் வாலாலேயே நன்றி சொன்னது. மிச்சம் சடையன். பள்ளத்தை ஒட்டிய சாமைக்காட்டில், பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக் கிளி ஓட்டுகிறவர்.

"ஒரே ஒரு நிமிஷம் கம்முனு இருங்கண்ணே."

"இன்னா சார் நீ? நான் கம்முனு இருந்தா கிளி கம்முனு இருக்குமா? உன் படத்த ஊரே பாக்கும். என் சாமய எவன் பாப்பான்?"

நியாயமான கேள்வி. நியாயத்தோடு நான் சண்டை போடுவதில்லை. பள்ளத்துப் பக்கம் இருந்த பரண்காலின் கயிற்றை மட்டும் அவிழ்த்தேன். ஒரே முடிச்சு. சடையன் நூறடி கீழே போய்ச் சேர்ந்தார். தகரமும் கூடவே போயிற்று. விழுந்த ஓசை சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. வேறு படத்துக்கு ஆகுமென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு இருநூறு கிளிகள் இறங்கின. மரியாதை தெரிந்தவை. சாமையை வாய்மூடியே மென்றன. முழுசாக அறுபது நொடி, ஐயா. ஓர் இலைகூட அசையவில்லை. சடையனும் கடைசியில் ஒத்துழைத்தார்.

நாலாவது விருது கிடைத்தது. அந்த அமைதியைக் கேட்டு நடுவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்களாம். கொன்றது நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் படத்துக்காகச் செய்ததைக் கொலை என்று சொல்லலாமா என்பதைப் படம் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்ஸ்பெக்டரின் குறிப்பு: படம் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் முழுக்கப் பம்பை உடுக்கையோடு பாட்டு ஓடுகிறது.