மூணு, நிறுத்தி மூணு

— அப்பா வேணும்னே கெடுத்து வச்சிட்டுண்ணு சொன்னா நீ நம்பமாட்ட, ஷிஜா. இந்தா, உள்ள பாரு. ஒயரு பிடுங்கிக் கெடக்கு.

— அது ஸ்பீக்கர் ஒயரு, பிபின் அண்ணா. அது இல்லேண்ணாலும் கம்ப்யூட்டர் ஓடும். சத்தம் மட்டுந்தான் வராது.

— பின்னே எதுக்கு ஓடல?

— அதத்தான் பாத்திட்டு இருக்கேன். இரிங்க.

— இருக்கதுக்கு நேரமில்ல, கேட்டியா. லேகா வெளிய கார்ல இருக்கா. ஏழாம் மாசமாக்கும். அம்மைக்க போட்டோ நாலஞ்சு இதுக்குள்ள உண்டு. அத மட்டும் எடுத்துத் தா. பொறவு இந்தச் சவத்தத் தூக்கி பழைய இரும்பு எடுக்க ஆக்கருக்குப் போட்டிரு.

— சேச்சிய உள்ள வரச் சொல்லலாமே. வெயிலுல்லா.

— கடைக்கு முன்னாலதான் வண்டி நிக்கு. கண்ணாடிய எறக்கி வச்சிட்டு காத்து வாங்குதா. நீ வேலையப் பாரு.

— இது ஆபீசுல ஓடின மெஷினா அண்ணா?

— ஓ. திருவனந்தபுரத்தில ஒரு ஆபீசு பூட்டினப்ப வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தேன். ஏன்?

— இந்த மாதிரி போர்டு, ஆன் பண்ணின உடனே முதல்ல மெமரியத்தான் சோதிக்கும். மெமரி பதில் சொல்லலேண்ணா பீப் அடிக்கும். கூடவே தேதியும் மணியும் எழுதி வைக்கும். நான் வேற மெமரி போட்டு அதத் தொறந்திருக்கேன்.

— ஸ்கூல்ல ஆஜர் எடுக்கது மாதிரி.

— வராதவன மட்டும் எழுதும்.

— நல்ல பழக்கம். நான் எழுதினா முதல் பேரு எனக்க அப்பாவாத்தான் இருக்கும்.

— அப்பிடிச் சொல்லாதீங்க.

— உனக்குத் தெரியாது பிள்ளே. லேகா வேற மதமுல்லா. அவளக் கெட்டப்போறேண்ணு சொன்னப்ப அப்பா எழும்பி வெளிய போயிட்டு. நாப்பது வருஷம் வேதக்கோயில்ல மணி அடிச்ச ஆளு. கோயில்ல நடக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேண்ணு அடுத்தநாள் சொல்லிச்சு. நான் தாழ்ந்துதான் போனேன், கேட்டியா. நெய்யாற்றின்கரை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரவேண்டாம், பத்து மணிக்கு இந்தக் கம்ப்யூட்டர் முன்ன இருந்து வீடியோ கால்ல மொகத்தக் காட்டினாப் போதும்ணேன். அதும் இல்லேண்ணா உங்க படி ஏறமாட்டேண்ணும் சொன்னேன்.

— காட்டலியா?

— லேகா போனக் கையில பிடிச்சிட்டு ஒண்ணர மணி நேரம் நின்னா. கையெழுத்துப் போட விளிச்சப்பவும், இன்னா வாறேன் சாரேண்ணு சொல்லிட்டு அதையே பாத்திட்டு இருந்தா. படம் வரல. பொறவு ரெண்டு வருஷம் நான் படி ஏறல. ஏறினது போன மாசம், அப்பாக்க சவப்பெட்டி எடுக்க.

— அடக்கத்துக்கு நானும் வந்தேன். மணி வேற மாதிரி கேட்டுது.

— புதுசா மணி அடிக்க வந்த வினீத்துல்லா அடிச்சான். அவனுக்கு என்ன தெரியும். நம்ம சபையில ஆம்பிள செத்தா மூணு, நிறுத்தி மூணு. அவன் ஞாயிறாழ்ச்ச மாதிரி விடாம அடிச்சான். லேகா குன்னத்துகால்ல உள்ள நம்ம சபைக் கோயிலுக்கு அடுத்த வீட்டில வளந்தவளாக்கும். அவளே கேட்டா, இது சாவு மணி இல்லியேண்ணு. அப்பா எழும்பி வந்து கயிறப் பிடிச்சு வாங்கியிருக்கும்.

— அண்ணா, கல்யாணம் என்னைக்கு?

— அக்டோபர் பதினொண்ணு. எதுக்கு?

— ஒண்ணுமில்ல.

— எதுக்கு ஷிஜா?

— இதுல இருக்கு. அக்டோபர் பதினொண்ணு, காலத்த ஒம்பது நாப்பத்திரெண்டு. மெமரி கிட்டல. ஒம்பது நாப்பத்தஞ்சு, கிட்டல. ஒம்பது நாப்பத்தெட்டு.

— எத்தனை உண்டு?

— இருபத்தொம்பது. கடைசி, பதினொண்ணு இருபத்தாறு.

— தேதி தப்பா இருக்கும்.

— இதுக்க கடிகாரம் செரியாத்தான் ஓடுது. அத முதல்லயே பாத்தேன்.

— அதுக்குப் பொறவு?

— ஒண்ணும் இல்ல, இன்னைக்கு நான் போட்டுப் பாத்தது தவிர. பொறவு ஒருக்கா ஆன் பண்ணியிருந்தாலும் இதுல விழுந்திருக்கும்.

— பதினொண்ணரைக்கு எனக்கு போன் வந்துது. அப்பாக்க பட்டன் போனு. ஏசத்தான் விளிக்குதுண்ணு கட் பண்ணினேன்.

— திரும்ப விளிச்சாவளா?

— இல்ல. நானும் விளிக்கல.

— தண்ணி வேணுமா அண்ணா?

— வேண்டாம். மெமரி எப்பிடிக் கெட்டுது? அத சொல்லு.

— கெடல. ரெண்டு இருக்கு. அதுல புதுசு ஒரு பக்கம் முழுசா எறங்கல, கொக்கி விழல. ஒண்ணு கிட்டலேண்ணா இந்தப் போர்டு மொத்தமா நின்னிரும்.

— புதுசா?

— ஓ.

— அது நான் மாட்டினது. படம் நிக்காம ஓடட்டுண்ணு, கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கிட்டுப் போயி மாட்டினேன். ஒருக்கா போட்டுப் பாத்தேன், ஓடிச்சு. பொறவு நெட்டு நல்லா கிட்டும்ணு முன் ரூமுக்குத் தூக்கி வச்சேன்.

— தூக்கும்போ அசைஞ்சிருக்கும்.

— செரியாக்க எத்தனை நேரம் ஆகும்?

— சொல்லணுமா?

— சொல்லு.

— விரல் வச்சு அமுக்கணும். அவ்வளவுதான்.

— ம்.

— நான் இதச் சொல்லாம போட்டோவ மட்டும் எடுத்துத் தந்திருக்கலாம்.

— இல்ல. சொன்னது செரி. ஆனா அந்த ஒயரு, ஷிஜா. கொக்கிய நான் விட்டேன், போன நான் எடுக்கல. எல்லாம் செரி. ஒயரு தானா ஊராதுல்லா. அது எனக்க மேல உள்ள கோவந்தான். அத நீ இல்லேண்ணு சொல்லமுடியாது.

— ஒயர மாட்டி, மெமரிய நீங்க வச்ச மாதிரியே வச்சு ஒருக்கா ஆன் பண்ணட்டா?

— எதுக்கு?

— கேளுங்க. இது சத்தம் கூடின ஸ்பீக்கராக்கும்.

— மூணு.

— ம்.

— நின்னிட்டுது.

— இன்னும் கேளுங்க.

— மூணு. திரும்பவும் மூணு. இது இப்பிடித்தான் அடிக்குமா?

— மெமரி கிட்டலேண்ணா இப்பிடித்தான். நாம நிறுத்துத வரைக்கும் அடிக்கும். கல்யாணத்தன்னைக்கு வீட்டில இதுதான் கேட்டிருக்கும். எத்தனாவது தடவையில ஒயர எடுத்தாவண்ணு இதுல இல்ல. எடுத்த பொறவும் ஆன் பண்ணிட்டேதான் இருந்திருப்பாவ.

— அந்த ஒயரப் பிடுங்கு, ஷிஜா.

— கேட்டது போதுமா அண்ணா?

— பிடுங்கு பிள்ளே. லேகாவுக்குக் கேக்கப்பிடாது.