பதினொன்றாம் எண்ணுக்கு நான் கொடுத்த குரல்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு, பொதுக்காட்டில் புதன்கிழமை நடந்ததைப் பற்றி நானாகவே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

பெயர்: பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி. காட்டு வகுப்பில் என்னை ரேடியோ என்பார்கள். வயது: பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம். படிப்பு: ஏழாம் வகுப்பு. முகவரி: தாங்கள் வெள்ளிக்கிழமை மாலை வந்து உட்கார்ந்து எழுதிய அதே வீடு, இரண்டாம் மாடி, செருப்பு அலமாரிக்கு எதிர்க் கதவு. காட்டு வகுப்பில் என் எண் ஒன்பது.

வாக்குமூலம் எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளிக்கிழமை என் அம்மா சொன்னதைத் தாங்கள் எழுதி உரக்க வாசித்தீர்கள். ஒரு தடவை காதில் விழுந்தது எனக்கு மறக்காது. அதே மாதிரி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஆனால் எழுதுவதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பொதுக்காட்டில் புதன்கிழமை தோறும் மதியம் ஒன்றரை முதல் நான்கு மணி வரை காட்டு வகுப்பு நடக்கிறது. நாங்கள் பதினாறு பிள்ளைகள். நடத்துபவரைக் காட்டு மிஸ் என்று கூப்பிடுவோம். மிஸ் முன்பு தச்சு வேலை செய்தவர். இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும், அதைக் காட்டித்தான் ரம்பம் பிடிக்கச் சொல்லித் தருவார். வாரம் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் துணைக்கு வர வேண்டும். அந்தப் புதன்கிழமை என் அம்மாவின் முறை. அம்மா மருந்துக்கடையில் வேலை செய்கிறார், அதற்காக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார்.

காட்டுக்குள் ஆளுக்கொரு காட்டுப் பெயரும் ஓர் எண்ணும் உண்டு. யார் குரலிலும் என்னால் பேச முடியும் என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது மிஸ்தான். என் சித்தி மகள் பெயர் அணில், எண் பதினொன்று, வயது பத்து. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், கண்ணாடி போட்டவள்.

எங்களை எண்ணும் முறை தங்களுக்குத் தெரிய வேண்டும். மிஸ் கிளையில் தொங்கும் ஓட்டை வாணலியை மூன்று தட்டு தட்டுவார். உடனே எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மிஸ் தீ மூட்டும் வட்டத்துப் பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணைக் கத்துவோம். ஒவ்வொரு குரலும் வரும் பக்கம் மிஸ் முகத்தைத் திருப்புவார். பதினாறும் வந்த பிறகு கண்ணைத் திறந்து, கருவிக் கொட்டகைக் கதவில் உள்ள சிலேட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதுவார். முதல் நாளே சொன்னார்: "இங்க கண்ணை நம்பி எண்ண முடியாது பிள்ளைங்களா. ஒருத்தன் மரத்துக்குப் பின்னால நிப்பான், ஒருத்தி புதருக்குள்ள உக்காந்திருப்பா. உங்க குரலைக் குடுங்க, நான் வாங்கிக்கறேன்." ஒரு வகுப்பில் ஐந்து தடவையாவது எண்ணுவார். எண்ணாமல் ஒரு நாளும் எங்களை நகர விட்டதில்லை.

அன்று முதலில் தார்ப்பாயைக் கயிற்றில் இழுத்துக் கட்டிக் கூடாரம் போட்டோம். அதன் பிறகு அவரவர் மரத்தடியில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து, எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று விரல் மடக்கினோம். எனக்குப் பதினான்கு, அணிலுக்கு ஆறு, அதில் ஒன்று அவள் வயிறு. அதன் பிறகு தீ வட்டத்தில் உருளைக்கிழங்கு சுட்டோம். அணில் தன் கிழங்கை ஊதினாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை. அப்போதுதான் மூக்கில் கண்ணாடியே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஐயோ, கழட்டி மரத்தடியிலயே வச்சுட்டேன்டி" என்றாள். மிஸ்ஸிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னா நோட்டுல எழுதுவாங்க, நோட்டு வீட்டுக்குப் போகும். இது இந்த வருஷத்துக்கு மூணாவது கண்ணாடி. அம்மா என் தோலை உரிச்சுக் கொடியில காயப் போட்டுருவா" என்றாள். அதன் பிறகு, "நீ என் நம்பரையும் சேத்துச் சொல்லிடு. ரெண்டே நிமிஷம். ரேடியோதானே நீ, ஸ்டேஷனை மாத்து. லேட்டாச்சுன்னா நான் அப்படியே பின்வேலி வழியா எங்க வீட்டுக்கு ஓடிருவேன்" என்றாள். அவள் வீடு பின்வேலியை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போகக் கூடாது என்பது விதி. அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. சரி என்றேன். அவள் கூடாரத்தின் பின்பக்கமாக நழுவிப் போனாள்.

அதன் பிறகு மிஸ் வாணலியைத் தட்டினார். எனக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பத்தாம் எண் மண்புழு. அவன் எப்போதும் கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வான். நான் என் குரலில் ஒன்பது சொல்லிவிட்டு, அவன் சொல்லி முடிப்பதற்குள் மெல்ல நான்கு அடி இடப்பக்கம் போய், அடிமரத்தைப் பார்த்து வாயைக் குவித்து, அணில் குரலில் "பதினொண்ணு" என்றேன். ஒரே இடத்திலிருந்து வந்தால் மிஸ் கண்டுபிடித்துவிடுவார், அதனால்தான் நகர்ந்தேன். அப்படியும் மிஸ் பன்னிரண்டை நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலே, "பதினொண்ணு, குரல் என்னவோ மாதிரி இருக்கே, சளியா?" என்று கேட்டார். நான் அதே குரலில், "இல்ல மிஸ், கிழங்கு சூடு, நாக்கு வெந்து போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "பொறுமைன்னு ஒண்ணு கடையில வித்தா உனக்கு ரெண்டு கிலோ வாங்கித் தரேன்" என்று மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "பன்னெண்டு?" என்றார். பதினாறு வரை வந்தது. சிலேட்டில் 3.40, 16 என்று எழுதினார்.

தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் அம்மாவுக்கு என் எல்லாக் குரலும் தெரியும். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுத் தார்ப்பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அணில் மரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறாள், நாங்கள் விளையாடுகிறோம் என்று அம்மா நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

அதன் பிறகு வாயில் வரைக்கும் பாடிக்கொண்டே போனோம். முன்னால் பாடியது நான். மிகவும் உரக்கப் பாடினோம். அந்த நேரத்தில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது.

வாயிலில் அம்மா, "அணில் எங்கடி?" என்று கேட்டார். "பின்வேலி வழியா வீட்டுக்குப் போயிட்டா மா" என்றேன். நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி சொன்னேன். அம்மா, "கொழுப்பு கூடிப் போச்சு உங்க ரெண்டு பேருக்கும்" என்றார். அப்போது மிஸ் தூரத்திலிருந்து, "ரெண்டு பேரும் உங்ககூடத்தானே?" என்று கேட்டார். பின்வழியாகப் போனது தெரிந்தால் அணிலைத் திட்டுவார் என்று அம்மா, "ஆமா மிஸ், ரெண்டும் என்கூடத்தான்" என்று கையை ஆட்டினார். நானும் அம்மாவும் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஐந்தேகாலுக்குச் சித்தி போன் செய்து, "என் வாலு இன்னும் அங்கதான் ஆடிட்டு இருக்காளா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு எல்லோரும் காட்டுக்கு ஓடினோம். சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இருபது பேர் டார்ச்சோடு ஆளுக்கொரு பக்கம் அணிலின் வீட்டுப் பெயரைக் கத்தினார்கள். எதுவும் கேட்கவில்லை. மிஸ் வந்ததும் வாணலியை மூன்று தட்டு தட்டி, "ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது" என்றார். பெரியவர்கள்கூட நின்ற இடத்தில் நின்றார்கள். மிஸ் மரத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒன்று, இரண்டு என்று தானே உரக்கச் சொல்லிக்கொண்டு போனார். பத்து சொல்லி நிறுத்தினார். அதன் பிறகு ஓடைப் பள்ளத்துப் பக்கமிருந்து, "பதினொண்ணு" என்று வந்தது.

அந்தக் குரலை நான் இதுவரை செய்து பார்க்கவில்லை.

அணிலுக்குக் கணுக்கால் எலும்பு உடைந்து, தலையிலும் அடி. கண்ணாடி இல்லாமல் போனதால் அவள் மரத்துக்குப் போகும் வழியில் உள்ள பள்ளத்தின் விளிம்பு அவளுக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடி அவள் மரத்து வேரின் மேல், மடக்கி வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் அன்று கூடாரம் கட்டியதற்குப் பிறகு எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை என்று மருத்துவர் சொல்கிறார். ஆகவே அவளைக் கேட்டுப் பயனில்லை.

மிஸ் தங்களிடம் மூன்று முறை, "நான் எண்ணினேன், பதினொண்ணு குரல் கேட்டுது" என்று சொன்னதாகவும், தாங்கள், "பள்ளத்துல கிடந்த பொண்ணு வட்டத்துல வந்து எப்படிம்மா பதில் சொல்லும்?" என்று கேட்டதாகவும் சித்தப்பா சொன்னார். சிலேட்டில் எழுதியதைப் பிறகு எழுதியது என்று தாங்கள் நினைப்பதாகவும் சொன்னார். இப்போது காட்டு வாயிலில் பூட்டு தொங்குகிறது. மிஸ் மேல் கவனக்குறைவு வழக்கு வரும், இனி எந்தப் பிள்ளையையும் அவரிடம் விட மாட்டார்கள் என்கிறார்கள். ரேடியோ என்று பெயர் வைத்தவருக்கு அந்தக் குரல் யாருடையது என்று இதற்குள் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஏன் என் பெயரையும், வாயிலில் அம்மா சொன்ன பதிலையும் தங்களிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தாங்கள், "டீச்சர் எண்ணினாங்களா?" என்று அம்மாவைக் கேட்டீர்கள். அம்மா, "நான் பாக்கலை சார், தார்ப்பாய் சுருட்டிட்டு இருந்தேன்" என்றார். தாங்கள், "அப்ப எண்ணலைன்னு எழுதிக்கறேன்" என்றீர்கள். அம்மா மறுக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றீர்கள். "அவ சின்னப் பொண்ணு சார், பயந்து போய்க் கிடக்கா" என்று அம்மா என்னை உள்ளே அனுப்பினார். தாங்கள் வாசித்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

தாங்கள் போன பிறகு அம்மா சமையலறையில் என்னிடம், "பதினொண்ணு சொன்னப்ப அவ உன் பக்கத்துல இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா குழாயைத் திறந்துவிட்டு ஒரு டம்ளரையே ரொம்ப நேரம் கழுவினார். அதன் பிறகு, "இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே. ரெண்டும் என்கூடத்தான்னு நான் சொல்லிருக்கேன். மிஸ்ஸுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு வேற தங்கச்சி கிடைக்க மாட்டா" என்றார். அம்மா கெட்டவர் இல்லை. சித்தியின் மருத்துவமனைச் சாப்பாடு மூன்று வேளையும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது, ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அம்மா நாளை காலை பத்தரை மணிக்கு நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் போடவில்லை. அதனால் அம்மா இதுவரை பொய் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தத் தாளைப் பள்ளிக்குப் போகும் வழியில் ஒன்பது மணிக்கே தங்கள் மேசையில் வைத்துவிடுவேன். தயவுசெய்து அம்மா வந்ததும் பேனாவைக் கொடுக்கும் முன் இதைக் கொடுங்கள்.

தங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் நாலாம் எண்ணையும் பதின்மூன்றாம் எண்ணையும் தனித்தனியே கூப்பிட்டு, அன்று கடைசியாக எண்ணும்போது பதினொன்று என்ன சொன்னாள் என்று கேளுங்கள். நாக்கு வெந்து போச்சு என்று இருவரும் சொல்வார்கள், சிரிப்பார்கள்கூட. எண்ணாத டீச்சரிடம் யாரும் அப்படிப் பதில் சொல்லியிருக்க முடியாது. அதுவும் போதாது என்றால் என்னைக் கூப்பிடுங்கள். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், பதினாறு பேரையும் வரிசையாகச் சொல்கிறேன். அணிலை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதீர்கள். தேவைப்பட்டால் அதையும் சொல்வேன்.

மிஸ் எண்ணினார். சரியாகத்தான் எண்ணினார். தவறான குரலைக் கொடுத்தது நான்.

மேலே உள்ளது முழுவதும் என் காதால் கேட்டதும் என் வாயால் சொன்னதும்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எழுதி முடித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு என் சொந்தக் குரலில் ஒரு முறை மெல்ல வாசித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஒப்பம்:
ஒன்பது.
ஒன்பது மட்டும்.