மடி இல்லாத மான்

மாலை ஏழேகால் மணி. செப்டம்பர் மாதம். சுவிட்சர்லாந்தில், கூர் நகரத்துக்கு மேலே, காட்டுக்குள் ஏறிப் போகிற ஒற்றை மண்பாதை. அந்த நேரத்தில் அதிலே வாகனம் வராது, ஆள் நடமாட்டமும் இருக்காது. பாதை முடிகிற வளைவில், ஒரு மரத்தடியில், முழங்காலில் வேட்டைத் துவக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தனியே உட்கார்ந்திருந்தார்.

என் சிநேகிதன் டினேஸின் தாய்மாமன் அவர். பெயர் ஜெகதீஸ்வரன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு சிரிப்பு வராது. சண்டைக் காலத்தில் ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போனவர், இங்கே வந்து துவக்கு வாங்கினார். ஹோட்டல் சமையலறையில் கூட வேலை செய்த சுவிஸ்காரரோடு காடு சுற்றிப் பழகி, இரண்டாம் தரம் எழுதித்தான் என்றாலும், வேட்டைப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டார். கூர்த் தமிழரில் வேட்டைக்காரர் தான் ஒருவர் மட்டுமே என்று சொல்லித் திரிவார். அவர் சொல்லாவிட்டால் அவருடைய சிநேகிதர் மகேந்திரன் சொல்லுவார்.

செப்டம்பர் வந்தால் அவர்களுக்குத் திருவிழா. மலையில் ஒரு மரக்குடிலை வாடகைக்கு எடுப்பார்கள். மனைவி பரமேஸ்வரி, மகள் றோஷினி, மகேந்திரன் குடும்பம் என்று எல்லாமாக எட்டுப் பேர். பகலில் சின்னதுகள் வெறும் டின்களை வரிசையாக வைத்துக் காற்றுத் துவக்கால் சுடுவார்கள். பெரியவர்கள் காளான் பிடுங்குவார்கள், வெளியே நெருப்பு மூட்டிச் சோளம் வாட்டுவார்கள். நான் சொல்லுகிற இது இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு. றோஷினிக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவைப் போலத் தானும் வேட்டைக்காரி ஆகப் போவதாகச் சொல்லி, புத்தகம் வாங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஆறு நாளாக ஒன்றும் விழவில்லை. குடிலில் ஒரே நையாண்டி. "இண்டைக்கும் மீன் டின்தானோ, மச்சான்?" என்று மகேந்திரன் அன்று மத்தியானமும் கேட்டிருந்தார்.

அப்போதுதான்… ஒரு சுள்ளி முறிந்தது.

காட்டின் ஓரத்தில் ஒரு பெட்டை மான். தனியே. பக்கவாட்டாக. நூறு மீட்டர்கூட இருக்காது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. குட்டிக்குப் பால் கொடுக்கிற பெட்டையைச் சுடக் கூடாது. அதனால் தனியே வருகிற பெட்டையைக் கண்டால் பொறுத்திருந்து, பின்னால் குட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தவறிச் சுட்டுவிட்டால் அன்றைக்கே வேட்டைக் காவலருக்குப் போன் பண்ணித் தானாகவே சொல்ல வேண்டும், மானையும் கையளிக்க வேண்டும். ஜெகதீஸ்வரன் இதைப் பரீட்சையில் எழுதியவர். மகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் மானும் தெரியாது, மரமும் தெரியாது.

சுட்டார்.

மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அதற்குப் பின்னால், புதருக்குள்ளே, ஒரு சத்தம். ஒரே ஒரு தரம். மெல்லிசாக… மூக்கால் கூப்பிடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஏதோ ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓடுகிற சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

கிட்டப் போய் மானைப் புரட்டினார். கையில் இளஞ்சூடாக ஏதோ வழிந்தது. இரத்தம் என்றுதான் நினைத்தார். லைட்டை அடித்துப் பார்த்தார்.

வெள்ளை. புல்லெல்லாம் பால்.

உடனே அவர் போனை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குடிலில் எல்லோருக்கும் வெடிச் சத்தம் கேட்டிருக்கும். மகேந்திரன் இந்நேரம் பாதிக் கூருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருப்பார். அந்தச் சனத்துக்கு முன்னால், அதிலும் மகளுக்கு முன்னால் போய், பரீட்சையில் முதலாவதாகக் கேட்கிற கேள்வியிலேயே பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ன செய்யச் சொன்னதோ அதைச் செய்தார். போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். மானின் மடியை அடியோடு அறுத்துப் பள்ளத்துக்குள் எறிந்தார். அது கீழே விழுந்த சத்தம்… கனநேரம் கழித்துத்தான் கேட்டது.

மகேந்திரன் ஜீப்போடு வந்தார். குடில் வாசலில் கைதட்டல். ஆளாளுக்கு மானோடு படம் எடுத்தார்கள். றோஷினி மட்டும் குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்பா, மடி எங்கை? அதை வெட்டப்படாதெண்டெல்லோ புத்தகத்தில கிடக்கு. பால் மடியோ எண்டு கொன்ட்றோலில காவலருக்குக் காட்ட வேணுமே."

"இது மலட்டுப் பெட்டை, பிள்ளை. குடல் எடுக்கேக்க கத்தி பட்டுட்டுது."

"குட்டி ஒண்டும் நிக்கேல்லையோ?"

"இல்லை."

அவள் நம்பினாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சந்தேகப்பட்டிருந்தால் ஒரு கோபமாவது வந்திருக்கும். அவள் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, கை கழுவத் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.

வேட்டை விழுந்த அன்றே ஈரலைச் சமைத்துவிடுவது வழக்கம். பரமேஸ்வரி மிளகும் உள்ளிப்பூண்டும் இடித்துப் போட்டு, வாசம் தூக்க இறக்கி வைத்தார். எல்லோரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, தேங்காய்ப்பால் விட்டனீங்களோ? நல்ல தடிப்பா இருக்கு," என்றார் மகேந்திரன்.

"பாலோ? டின் ஒண்டும் கொண்டு வரேல்லையே. தண்ணியிலதான் அவிச்சனான்."

"சும்மா பகிடி விடாதேங்கோ."

சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் தன் தட்டைப் பார்த்தார். சோற்றின் ஓரத்தில் குழம்பு வெள்ளையாக… மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது. மிளகு வாசம் இல்லை. பாலின் பச்சை வாசம். றோஷினி இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? தானும் அள்ளிச் சாப்பிட்டார். தன் வாழ்நாளில் அதைவிட அசிங்கமான காரியம் எதுவும் செய்ததில்லை என்று பிற்பாடு டினேஸிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

விடிய ஐந்தரை. அவர் கண் மூடவேயில்லை. வெளியே அந்தச் சத்தம். மூக்கால் கூப்பிடுகிற சத்தம். இந்தத் தரம் கதவுக்கு நேரே. மற்ற ஏழு பேரும் அசையாமல் நித்திரை.

கதவைத் திறந்தார். வாசல் முழுக்கப் பனிமூட்டம். அதற்குள் குட்டி நின்றது. மூன்று மாதக் குட்டி, முதுகில் புள்ளிகள் மங்கிப் போயிருந்தன. அது பயப்படவில்லை. நேரே வந்தது… அவருடைய வலது கை விரல் இரண்டை வாய்க்குள் எடுத்தது.

சூப்பியது.

நாக்கு சில்லிட்டிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மடக்… மடக்… என்று அது விழுங்குவது நன்றாகக் கேட்டது. வெறும் விரலில் அது எதை விழுங்குகிறது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயந்தார். அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, மன்னித்துக்கொள் என்று ஒரு மானிடம் சொல்லி அழுதார். குடித்து முடித்ததும் குட்டி விரலை விட்டுவிட்டுப் பனிக்குள் போனது. காலடிச் சத்தம் இல்லை.

உள்ளே போய் மகளை எழுப்பினார். பாலைக் கண்டது, மடியை எறிந்தது, பொய் சொன்னது, குட்டி வந்தது, எல்லாம் சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நேற்று நான் உங்களைக் கேட்டனான்," என்றாள். பிறகு போனை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்கோ. குட்டி உயிரோட எண்டால் பிடிச்சுக் காப்பாத்தலாம். நான் பக்கத்தில நிக்கிறன்."

ஏழரைக்கு அரசாங்கத்தின் வேட்டைக் காவலர் ஒரு நாயோடு வந்தார். வயதான சுவிஸ்காரர். அதட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நீங்களாகச் சொன்னது நல்லது" என்றார். அந்தச் சொல்லுக்கு ஜெகதீஸ்வரனால் தலை நிமிர முடியவில்லை. அப்பாவும் மகளும் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனார்கள்.

நாய் புதருக்குள் போனது. குரைக்கவில்லை. வாலைக் கால்களுக்குள் செருகிக்கொண்டு திரும்பி வந்தது.

குட்டி அங்கேதான் கிடந்தது. தாய் விழுந்த இடத்துக்கு நேர் பின்னால், பத்தடி தள்ளி. தாயைத் துளைத்துப் போன அதே குண்டு அதற்குள்ளும் பாய்ந்திருந்தது. காவலர் அதன் காலைத் தூக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"நேற்று மாலையே செத்துவிட்டது. கூப்பிட்டால் ஒரு தரம் கூப்பிட்டிருக்கும், அவ்வளவுதான்."

"இல்லை," என்றார் ஜெகதீஸ்வரன். "இண்டைக்கு விடிய வந்தது." தமிழில் சொல்லிவிட்டார். றோஷினி மொழிபெயர்க்கவில்லை.

குண்டை எடுப்பதற்காகக் காவலர் குட்டியின் வயிற்றில் கத்தியை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று இழுத்தார். வெட்டிலிருந்து பால் வழிந்தது. நிறைய. அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி பறந்தது… விறைத்த உடம்புக்குள் சுடச்சுடப் பால்.

காவலர் கத்தியைப் புல்லில் துடைத்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "இதற்கு யார் பால் கொடுத்தது?"

றோஷினி அப்பாவைப் பார்த்தாள். அவர் வலது கையை ஜாக்கெட் பைக்குள் ஒளித்து வைத்திருந்தார். பையின் அடி நனைந்து போய்… காலில் போட்டிருந்த சப்பாத்தின் மேல் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.