கயிறு கட்டிய நாற்காலிகள்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அறிவுக்கு வாசல் திறந்து வைத்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தும் ஊரார் பிள்ளைகளை வாழ்த்த வந்திருக்கும் தாய்மார்களே, படிக்க வந்த தங்கங்களே, உங்கள் எல்லோருக்கும் ஒரு தையல்காரியின் வணக்கம்!

பின்னாலிருந்து யாரோ, "சத்தமாப் பேசுங்கம்மா!" என்கிறார்கள். ஐயா, வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசியவள் நான். இனிக் கேட்கும்!

போர் இந்தக் கல்லூரியின் பிள்ளைகளைத் தின்றது. அவர்கள் நினைவாக எழுந்ததுதான் இந்த நூலகம். கல்லில் பெயர் வெட்டாமல், படிக்கும் கூடத்தில் நாற்காலிக்கு ஒரு பெயராக முதுகுப் பலகையில் வெட்டினார்கள். என்ன அருமையான எண்ணம்! அதில் ஒன்று என் தம்பியின் பெயர்.

அவன் படிப்பில் புலி, தனிமையில் எலி! எதிரே ஆள் இல்லாவிட்டால் அவனுக்கு ஓர் எழுத்துகூட மண்டையில் ஏறாது. "அக்கா, சும்மா எதிர்ல உக்காருக்கா. நீ ஒண்ணும் பேச வேணாம்" என்பான். நான் பட்டன் தைத்துக்கொண்டே உட்காருவேன். "போதும்டா, இடுப்பு வலிக்குது" என்றால், "இன்னும் ஒரே பக்கம்க்கா" என்பான். அந்த ஒரே பக்கம் லேசில் முடியுமா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவனும் இப்படித்தான் சிரிப்பான்.

ஆனால் இங்கே நடந்தது என்ன? திறப்பு விழா முடிந்த கையோடு அந்த நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு கட்டினீர்கள். சிவப்புக் கயிறு, பட்டுக் கயிறு, மரியாதைக் கயிறு! மாணவர்கள் மாடியில் இடித்துக்கொண்டு படிக்கிறார்கள். கீழே என் தம்பி காலி மேசையோடு தனியாக இருக்கிறான். போன ஆண்டு இதே நினைவு நாள் விழாவுக்கு வந்தபோது மனம் தாங்காமல், கயிற்றைத் தூக்கி எதிர் நாற்காலியில் உட்காரப் போனேன். காவலர் ஓடி வந்தார்.

"அம்மா, அதுல உக்காரக் கூடாதும்மா. போனவங்களுக்கு மரியாதை."

"எதிர்ல உக்காந்தா என்னய்யா மரியாதை கெட்டுப் போகுது?"

அவர் என்ன செய்வார், பாவம்! அவருக்கு இட்ட உத்தரவு அது. நான் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனேன். அங்கும் எனக்கு எதிரே யாரும் இல்லை.

எதற்கு அந்த நாற்காலிகள்? எட்டி நின்று பார்க்கவா? மலர் வைத்துவிட்டு மறக்கவா? மௌனம் காக்கவா? மௌனம் போதும் ஐயா! என் வீடு நிறையக் கிடக்கிறது மௌனம். வேண்டுமென்றால் வந்து அள்ளிக்கொள்ளுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ, முடித்துவிடுகிறேன். எனக்கு நினைவுப் பரிசு வேண்டாம். அந்தக் கயிற்றை மட்டும் எனக்குக் கொடுங்கள். அவிழ்க்கும் சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம். கத்தரி என் பையில் இருக்கிறது. தையல்காரி சும்மா வருவாளா?

ஆ, முதல்வர் ஐயா எழுந்துவிட்டார்! "வாங்கம்மா, நானே பிடிச்சுக்கிறேன், நீங்க வெட்டுங்க" என்கிறார். கேட்டீர்களா தங்கங்களே? அவன் பெயர்மேல் சாய்ந்து உட்காருங்கள். கொட்டாவி விடுங்கள், மேசையில் மை சிந்துங்கள், பரவாயில்லை. இன்று உங்களில் ஒருவர் அவன் நாற்காலிக்கு வாருங்கள். எதிரே நான் இருப்பேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி, என் வணக்கம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் ஒன்றும் பேசமாட்டேன், சும்மா உட்கார்ந்திருப்பேன்.