வாஷ்பேசினுக்குப் பக்கத்துக் கட்டில்

எங்கள் பொது வார்டில் காற்று நன்றாக வரும். அதற்காகத்தான் அக்காவை அங்கே மாற்றினேன். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

அக்கா என்னைப் பெறாத தாய். பக்கவாதத்தில் விழுந்து, பேச்சுப் போய், நான் தலைமை நர்ஸாக இருக்கும் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தாள். அவள் சிறுநீரில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. அந்தக் கிருமியால் அவளுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. ஆனாலும் தாழ்வாரக் கோடியில் தனியறை. போகிறவர்கள் எல்லாரும் அங்கியும் முகமூடியுமாகப் போனார்கள். மனித முகம் காணாமல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊட்டியதைத் துப்பினாள். நோய் விட்டாலும் அந்த அறை விடாது என்று தெரிந்துபோயிற்று.

டாக்டரிடம், "கிருமி போயிடுச்சு, ரிசல்ட் வந்துடுச்சு" என்றேன். என் சொல்லை அவர் தட்டியதே இல்லை.

வாஷ்பேசினுக்குப் பக்கத்துக் கட்டில். எதிரே, வயிற்றில் அறுவை செய்துகொண்ட லாரி டிரைவர். வாய் ஓயாத மனிதர். அவர் பேச்சைக் கேட்டு அக்கா சிரித்தாள். சாப்பாட்டைச் சைகை காட்டிக் கேட்டு வாங்கினாள்.

அவளுக்குக் குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பையை அந்த வாஷ்பேசினிலேயே கொட்டினேன். கழிப்பறை தூரம், எனக்கும் முழங்கால் வலி.

பிறகு டிரைவரின் தையல் சீழ் பிடித்தது. எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்து, பித்தப்பை எடுத்த டீச்சர். அப்புறம், கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண்.

ஆய்வக டாக்டரம்மா கூப்பிட்டார்.

"மூணு பேருக்கும் வேற வேற கிருமி, சிஸ்டர். உங்க அக்காவோட கிருமி இல்ல."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"கிருமிக்குள்ள பிளாஸ்மிட்னு ஒரு சின்ன வளையம் இருக்கும். மருந்தைத் தோற்கடிக்கிற வித்தை அதுலதான் இருக்கு. ஒரு கிருமி அதுக்கு நகல் எடுத்து, பக்கத்துல இருக்கிற வேற இனத்துக்கும் கொடுத்துடும். வாஷ்பேசின் கழிவுக் குழாய்க்குள்ள அதுதான் நடந்திருக்கு. அங்கேயிருந்து தண்ணி தெறிச்சு இவங்களுக்கும் வந்திருக்கு. உங்க அக்காவையும் சேர்த்து நாலு பேர்கிட்டயும் ஒரே வளையம்."

நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் விசாரணைக் குழுவாகிய உங்களிடம் நிமிர்ந்து நின்று சொல்கிறேன். அக்காவின் கிருமி யாரையும் கொல்லவில்லை. கொன்றவை வேறு. கொடுத்தவளைச் சந்தியில் நிறுத்தி, வாங்கிக்கொண்டவனை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் விசாரிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்ட அன்றே அக்காவை வேறொரு மருத்துவமனையில், வேறு பெயரில் சேர்த்துவிட்டேன். கிருமியைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை. சின்ன இடம். குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸே அக்காவையும் பார்த்துக்கொள்கிறாள். குழந்தைகள் அழும் சத்தம் கேட்டால் அக்காவுக்கு முகம் மலர்கிறது.

எந்த மருத்துவமனை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொன்னால் மறுபடியும் தனியறையில் போட்டு அவளைச் சாகடிப்பீர்கள். ஓர் உயிர் போவதற்கு நான் உடந்தையாக இருக்க மாட்டேன்.